முக்கோணமும் மலையும்

நம் நாட்டில் எந்த மாநிலத்துப் பள்ளிக்கூடத்திற்குச் சென்று, ஒரு குழந்தையிடம் மலையை வரைந்து காட்டு என்று சொன்னாலும், அது பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் வரையும். இரண்டு முக்கோணங்கள், அவற்றின் நடுவே பாதி எழுந்த சூரியன், அடிவாரத்திலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு. மலையையே கண்டிராத சமவெளிக் குழந்தையும் இப்படித்தான் வரைகிறது. பிள்ளை விளையாட்டு என்று நாம் சிரித்துவிட்டு அப்பால் செல்கிறோம். ஆனால் ஆசியாவின் கிழக்கு ஓரத்தில், கொரிய நாட்டில், ஓர் ஓவியர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த முக்கோணத்தோடும் இந்தச் சூரியனோடும் கழித்தார். அவர் பெயர் யூ யங்குக். 1916-ஆம் ஆண்டில் பிறந்து 2002-இல் மறைந்தவர். அவரைப் பற்றியும், அவரை முன்னிட்டு, இயற்கைக் காட்சியிலிருந்து பிறந்த வடிவ கணித ஓவியம் கொரியாவில் எப்படி வேரூன்றியது என்பதைப் பற்றியும் நேயர்களோடு இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

ஓவியத்தைப் பற்றி வானொலியில் பேசுவது, விருந்தைக் கடிதத்தில் எழுதி அனுப்புவதற்கு ஒப்பான காரியம். எனினும் முயல்கிறேன். 1960-களின் பிற்பகுதியில் யூ வரைந்த ஓவியங்களில் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். நாலு அடிக்குச் சற்று மேற்பட்ட அகலம், அதே அளவு உயரம், சதுரமான திரைச்சீலை. அதில் மரம் இல்லை, வீடு இல்லை, மனிதர் இல்லை. கீழ் விளிம்பிலிருந்து ஒரு பெரிய முக்கோணம் எழுந்து, ஏறக்குறைய மேல் விளிம்பைத் தொடும்படி நிற்கிறது. அதன் நிறம் சிவப்பு. உற்று நோக்கினால் அது ஒரே சிவப்பு அன்று என்பது புலப்படும். ஒரு சரிவில் குங்குமச் சிவப்பு. அதை ஒட்டிய சரிவில் சுட்ட செங்கல்லின் நிறம். இரண்டும் சந்திக்கும் விளிம்பில் தணலைப் போன்ற ஒரு கோடு. பின்னால் ஆழ்ந்த நீலமோ, ஊதாவோ, கரும்பச்சையோ. ஓவியத்தின் பெயர் என்னவென்று கேட்டால், ‘படைப்பு’ என்று ஒரு சொல். அல்லது ‘மலை’ என்று ஒரு சொல். அதற்கு மேல் ஓவியர் நமக்கு எதுவும் சொல்வதில்லை.

இத்தகைய ஓவியத்தை ஆங்கிலத்தில் ‘அப்ஸ்ட்ராக்ட்’ என்கிறார்கள். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இந்தச் சொல்லோடு மல்லுக்கு நிற்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு. அலுவலகக் கோப்பில் வந்தால் அதைச் ‘சுருக்கம்’ என்று எழுதிவிட்டு அடுத்த தாளைப் புரட்டலாம். ஓவியத்தைப் பற்றி வந்தால் ‘அருவம்’ என்று எழுதுகிறோம். அருவம் என்றால் உருவம் இல்லாதது. இறைவனைப் பற்றிப் பேசும்போது அது அருமையான சொல். ஆனால் நான் சற்றுமுன் வருணித்த சிவப்பு முக்கோணத்திற்கு உருவம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? கொரியர் இதற்கு வழங்கும் சொல் ‘சுசாங்’ என்பது. சீன எழுத்துக்கள் இரண்டால் ஆன சொல் அது. சீனரும் ஜப்பானியரும் அதே எழுத்துக்களைத் தத்தம் ஒலிப்பில் வழங்குகிறார்கள். முதல் எழுத்தின் பொருள் உருவி எடுத்தல். இரண்டாவதன் பொருள் தோற்றம். தோற்றத்திலிருந்து உருவி எடுத்தது எதுவோ அதுவே சுசாங். பூவிலிருந்து வாசனைத் திரவியத்தை வடித்தெடுப்பதைப் போன்றது என்று கொள்ளலாம். வடித்த பிறகு இதழும் காம்பும் போய்விடுகின்றன. பூ போய்விட்டது என்று சொல்ல முடிவதில்லை. யூவின் ஓவியத்தை அணுகுவதற்கு ‘அருவம்’ என்ற சொல்லைக் காட்டிலும் இந்தச் சொல் நமக்குப் பெரிதும் துணை செய்யும்.

இனி அந்த மலை எங்கே இருந்தது என்று பார்ப்போம். கொரிய தீபகற்பத்தில் நிலத்தின் பெரும்பகுதி மலை. கிழக்குக் கரையை ஒட்டி வடக்கு தெற்காக ஒரு மலைத்தொடர் முதுகெலும்பைப் போல் ஓடுகிறது. மேற்கே அது மெல்லச் சரிந்து வயல்களாகிறது. கிழக்கே கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. அந்தக் கிழக்குக் கரையில் உல்ஜின் என்று ஓர் ஊர். முன்பு காங்வோன் மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 1963 முதல் வடக்கு கியோங்சாங் மாகாணத்தைச் சேர்ந்தது. ஒரு புறம் திரும்பினால் ஆழ்ந்த நீலக் கடல். மறு புறம் திரும்பினால் சுவரைப் போல் நிற்கும் மலை. நடுவில் மனிதருக்கு மிஞ்சியது ஒடுங்கிய ஒரு நிலப்பட்டை. யூ பிறந்த ஊர் அது. செல்வமுள்ள நிலக்கிழார் குடும்பம். சியோல் நகரில் உயர்நிலைப் படிப்பை முடிக்காமலே விட்டார். மாலுமியாகிக் கடலோட வேண்டுமென்பது அவருடைய இளமைக் கனவாக இருந்ததாம். அது கைகூடாமல் 1935-இல் ஓவியம் பயில டோக்கியோவுக்குக் கப்பலேறினார்.

கொரியா அப்போது சுதந்தர நாடாக இல்லை. 1910 முதல் 1945 வரையில் அது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. ஓவியத்திற்கும் அடிமைத்தனத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. 1922 முதல் ஆட்சியாளர் சியோலில் ஆண்டுதோறும் அரசாங்க ஓவியக் கண்காட்சி ஒன்றை நடத்திவந்தனர். ஓவியனாகப் பெயர் பெற விரும்பிய கொரிய இளைஞனுக்கு அதுவே பெரிய வாசல். அங்கே நடுவராக அமர்ந்திருந்த ஜப்பானிய ஓவியர்கள் விரும்பியது ‘உள்ளூர் மணம்’. கூரை வேய்ந்த குடிசை, வெள்ளை உடை உடுத்த பெண், செம்மண் மேடு, சோம்பிக் கிடக்கும் மாடு. இவற்றை வரைந்தால் பரிசு கிடைக்கும். மண்ணின் மணம் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அந்த மணத்தை அளந்து விலைபோட்டவர் நாட்டை ஆண்டவர். தன் ஊர் மலையையே பிறர் கண்ணுக்கு இனிக்கும்படி வரைந்து கொடுக்கவேண்டிய நிலையில் கொரிய ஓவியன் இருந்தான். காலனி ஆட்சியில் நம் ஓவியர் பலரும் இதே இக்கட்டைக் கண்டவர்களே.

யூ அந்த வாசலின் பக்கமே போகவில்லை. டோக்கியோவில் அவர் சேர்ந்த பூங்கா காகுவின் என்ற கல்விக்கூடம் 1921-இல் தொடங்கப்பெற்றது. கட்டுப்பாடுகள் குறைந்த இடம் என்று பெயர் பெற்றது. அத்தகைய பெயர் போர்க்காலத்தில் ஆபத்தானது. 1943-இல் அரசாங்கம் அதை மூடிவிட்டது. அங்கே பயின்ற யூ, குடிசையும் வரையவில்லை, மலையும் வரையவில்லை. ஒட்டுப்பலகையை வட்டமாகவும் சதுரமாகவும் பட்டையாகவும் அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, புடைப்போவியங்களைச் செய்தார். அவற்றில் நாடு இல்லை, ஊர் இல்லை, கதை இல்லை. கோணமும் விளிம்பும் நிழலும் மட்டுமே இருந்தன. தலைப்புகள்கூட எண்ணும் எழுத்துமாக, கிடங்கில் அடுக்கிய சரக்குக்கு இட்ட குறியைப் போல் இருந்தன. ‘சுதந்தரக் கலைஞர் சங்கம்’ என்ற ஜப்பானிய அமைப்பின் கண்காட்சிகளில் அவற்றை வைத்தார். 1938-இல் பரிசும் பெற்றார். 1940-இல் அந்தச் சங்கம் தன் பெயரையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. போர் வெறி மிகுந்த அந்நாளில் ‘சுதந்தரம்’ என்ற சொல் பலகையில் எழுதி மாட்டத் தகாத சொல்லாகிவிட்டது! ஒரு வட்டத்தையும் இரண்டு கோடுகளையும் வரைவது எப்படி அரசியலாகும் என்று ஐயுறுவோர்க்கு இந்தப் பெயர்மாற்றம் ஒன்றே போதிய விடை.

1943-இல் ஊர் திரும்பினார். ஓவியர் என்று சொல்லிக்கொண்டு பிழைக்கக்கூடிய காலம் அன்று அது. படகு வைத்து மீன்பிடித் தொழில் நடத்தினார். 1945-இல் ஜப்பானின் ஆட்சி முடிந்தது. சியோலுக்குச் சென்று, பல்கலைக்கழகத்தில் ஓவிய ஆசிரியராகச் சில காலம் பணியாற்றினார். 1950-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மூண்டது. மூன்றாண்டுக் காலம் அந்த நாட்டை வடக்கும் தெற்குமாக உழுது போட்ட போர் அது. நம் படையின் மருத்துவப் பிரிவும், போர்நிறுத்தத்திற்குப் பின் கைதிகளைக் காவல் செய்த இந்தியப் படையும் அங்கே சென்று பணி புரிந்ததை நேயர்களில் மூத்தவர்கள் நினைவுகூர்வார்கள். யூ மறுபடியும் தம் ஊர்க் கரைக்கே குடும்பத்தோடு திரும்பினார். அங்கே மது வடிக்கும் ஆலை ஒன்றை நடத்தினார். வியாபாரம் நன்றாகவே நடந்தது. டோக்கியோவில் செய்த பலகைப் படைப்புகளில் பெரும்பாலானவை இந்தக் குழப்பங்களில் அழிந்துபோயின. அவற்றுள் சிலவற்றைப் பிற்காலத்தில் உலோகக் கலைஞரான அவர் மகள் மறுபடி செய்து கொடுத்தார்.

மீன்பிடித் தொழிலும் மது ஆலையும் ஓவியரின் வாழ்வில் வீணாகப் போன ஆண்டுகள் என்று எழுதுவோர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. விடியற்காலையில் கடலுக்குள் செல்லும் படகிலிருந்து திரும்பிப் பார்ப்பவனுக்கு ஊர் தெரியாது, மரம் தெரியாது, பாதை தெரியாது. வானத்தை அறுத்துக்கொண்டு நிற்கும் மலையின் விளிம்பு மட்டும் தெரியும். அந்த விளிம்பைக் கொண்டுதான் மீனவன் கரையை அடையாளம் காண்கிறான். டோக்கியோவில் பலகையை அறுத்து யூ தேடிய விளிம்பு, தம் ஊர்க் கடலில் அவருக்காகக் காத்திருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகமே; ஆனால் 1955-இல், 39-ஆம் வயதில், ஆலையை விட்டு அவர் சியோலுக்கு நிலையாகத் திரும்பி மறுபடி தூரிகை எடுத்தபோது, அவருடைய முக்கோணங்களுக்குள் மலை வந்து குடியேறியிருந்தது என்பது ஊகமன்று.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். ஐரோப்பாவில் வடிவ கணித ஓவியத்தின் வழிகாட்டிகளில் ஒருவர் மோண்ட்ரியான். அவர் முதலில் மரத்தை மரமாகவே வரைந்தார். பிறகு கிளைகளைக் குறைத்தார், கிளைகள் வளைகோடுகளாயின, வளைகோடுகள் நேர்கோடுகளாயின, இறுதியில் மரம் மறைந்து, கட்டங்களும் மூன்று நிறங்களும் மிஞ்சின. நம் நாட்டு ரஸா அவர்களின் பாதையும் ஏறக்குறைய இத்தகையதே. மத்தியப் பிரதேசத்து மண்ட்லா மாவட்டத்துக் காட்டோரத்தில் 1922-இல் பிறந்து, பிரான்சில் பல்லாண்டு வாழ்ந்து, நிலக்காட்சிகளை வரைந்து வரைந்து, பிறகு வட்டத்திற்கும் முக்கோணத்திற்கும் பிந்துவுக்கும் வந்து சேர்ந்தவர் அவர். இவர்கள் காட்சியிலிருந்து கோட்டுக்குச் சென்றவர்கள். யூ வந்த வழி நேர் எதிர். அவர் கோட்டிலே தொடங்கினார். ஊரும் பேரும் இல்லாத சுத்தமான கோடு. இருபதாண்டு அலைச்சலுக்குப் பிறகு அந்தக் கோடு ஒரு நாள் மலையாயிற்று. ஆகையால் அவருடைய மலைகளில் எதையோ இழந்துவிட்ட வறட்சி இல்லை. எதையோ வந்தடைந்த நிறைவு இருக்கிறது.

அவரும் அவருடைய தோழர்களும் இதை அறிந்தே செய்தார்கள் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1948-ஆம் ஆண்டு டிசம்பரில் சியோலில் மூன்று ஓவியர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். கிம் ஹ்வான்கி, யூ யங்குக், லீ கியூசாங் என்பார் அம்மூவர். மூவருமே காட்சியை உள்ளபடி வரையாதவர்கள். தங்கள் குழுவிற்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? ‘புதிய மெய்ம்மை’! உள்ளதை உள்ளபடி வரைபவர்தாமே மெய்ம்மை ஓவியர் என்று சொல்லிக்கொள்வார்கள்? முக்கோணமும் வட்டமும் வரைகிறவர்கள் அந்தப் பெயரைப் பிடுங்கிக்கொண்டது குறும்பு போல் தோன்றும். அவர்களுக்கு அது குறும்பன்று. கண்ணில் படும் தோற்றம் ஒரு மெய். அதற்குள்ளே நிற்கும் அமைப்பு அதைவிட நிலைத்த மெய் என்பது அவர்கள் கட்சி. போர் நடந்துகொண்டிருந்த 1953-இலும், அகதிகளால் நிரம்பி வழிந்த பூசான் துறைமுக நகரில், அந்தக் குழு ஒரு கண்காட்சியை நடத்தியது.

மலையை வரைவது பற்றி யூ சொல்லிவந்த கருத்து ஒன்று கொரியாவில் மிகவும் பேர் பெற்றது. மலைக்குள்ளே இருந்துகொண்டு மலையை வரைய முடியாது. இறங்கி வந்த பிறகே அது இயலும் என்பது அதன் சாரம். வயது ஏற ஏற, மலை என் முன்னால் இல்லை, எனக்குள்ளே இருக்கிறது என்னும் பொருள்படவும் பேசியிருக்கிறார். மதுரைப் பக்கத்து நேயர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யானைமலை யானையாகத் தெரிவது தொலைவில் செல்லும் பேருந்திலிருந்துதான். அதன்மேல் ஏறி நிற்பவனுக்குக் காலடியில் இருப்பது வெயிலில் காய்ந்த வெறும் பாறை. அதற்கு யானை என்று பேரிட்டவன், துதிக்கையையும் முதுகையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்ட ஒருவன். தில்லியிலும் போபாலிலும் நாகபுரியிலும் இருபது முப்பது ஆண்டு வாழ்ந்துவிட்ட நம்மில் பலருக்கு, ஊரின் தெருக்கள் ஒவ்வொன்றாக மறந்துபோகின்றன. எந்தக் கடை எந்தத் திருப்பத்தில் என்பது குழம்புகிறது. ஆனால் ஊருக்கு வெளியே நிற்கும் குன்றின் விளிம்பை மட்டும் இப்போதும் ஒரே இழுப்பில் தாளில் வரைந்துவிடுவோம். யூவின் ஓவியம் அந்த ஒரே இழுப்பைப் பற்றியது என்று நான் கருதுகிறேன். உள்ளூர் மணம் கேட்ட நடுவர்களுக்குக் குடிசை வரைந்து கொடுக்க மறுத்தவர், தம் ஊரை இழந்துவிடவில்லை. பிறர் விலை பேச முடியாத ஓர் இடத்தில் அதை வைத்துக் காத்தார்.

கண்ணுக்குத் தெரிந்ததை விட்டு மனத்தில் நின்றதை வரைவது கொரியாவுக்கு முற்றும் புதிய வழக்கமும் அன்று. 1676 முதல் 1759 வரை வாழ்ந்த ஜோங் சோன் என்ற ஓவியர், சீன நூல்களில் கண்ட மலைகளைப் பார்த்து வரைந்துகொண்டிருந்த வழக்கத்தை விட்டு, தம் நாட்டு மலைகளை நேரில் சென்று கண்டு வரைந்தவர் என்று போற்றப்படுகிறார். கும்காங் மலையை அவர் 1734-இல் தீட்டிய படம் புகழ் வாய்ந்தது. கும்காங் என்பது வச்சிரம் என்ற நம் வடசொல்லைப் பௌத்தர் பெயர்த்துக்கொண்ட சொல். வச்சிரமலை என்றே நாம் சொல்லலாம். அதற்கு 12,000 சிகரங்கள் என்பது வழக்கு. அவர் படத்தில் கூர்த்த பாறைச் சிகரங்கள் ஈட்டிமுனைகளைப் போல் ஒரு புறம் குவிந்து நிற்க, மண்மலைகள் மென்மையான கரும்புள்ளிகளாக மறு புறம் தழுவிக்கொள்ள, மலை முழுவதும் ஒரு வட்டத்திற்குள் அடங்கிவிடுகிறது. எந்த இடத்தில் நின்றாலும் அப்படி ஒரு காட்சி கண்ணுக்குக் கிடைக்காது. நேரில் கண்டவர், பிறகு கண்ணை மூடிக்கொண்டு வரைந்திருக்கிறார்! 1751-இல், 75 வயதில், சியோலின் இன்வாங் மலையை மழை விட்ட நேரத்தில் வரைந்தார். அந்த மலையின் பாறை வெளிறிய நிறமுடையது. அவர் அதைத் தோய்ந்த கரிய மையால் மேலும் மேலும் தீட்டியிருக்கிறார். பாறையின் கனம் அவருக்கு அப்படித் தெரிந்தது. வெளிறிய பாறையைக் கரிதாக்கிய அந்தக் கிழவருக்குப் பிறகு, பச்சை மலையைச் சிவப்பாக்கிய யூ வந்ததில் வியப்பென்ன? ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் என்று நான் வாதிக்க வரவில்லை. அந்த மண்ணில் மலையைப் பார்ப்பதற்கு அத்தகைய ஒரு பழக்கம் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

புதிய மெய்ம்மைக் குழுவின் மூத்தவரான கிம் ஹ்வான்கியைப் பற்றிச் சொல்லாமல் போகலாகாது. 1913-இல் தென்மேற்குக் கடலில் உள்ள ஒரு சிறு தீவில் பிறந்தவர். அவரும் டோக்கியோவில் பயின்றவரே. 1956 முதல் 1959 வரை பாரிஸில் வாழ்ந்தார். மலை, நிலவு, வெண்மையான பீங்கான் சாடி இவற்றை மறுபடி மறுபடி வரைந்தார். 1963-இல் பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ கண்காட்சிக்குச் சென்றவர், அங்கிருந்து நியூயார்க் சென்று, 1974-இல் இறக்கும் வரை அங்கேயே தங்கிவிட்டார். அந்த இறுதி ஆண்டுகளில் மலையும் நிலவும் ஒவ்வொன்றாக அவர் ஓவியத்தை விட்டு நீங்கின. மிஞ்சியவை புள்ளிகள். பூச்சு ஏற்றாத பருத்திச் சீலையில், ஆளுயரத்திற்கும் மேற்பட்ட பரப்பில், நீலப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு புள்ளியும் சீலையில் ஊறி, தாளில் மை பரவுவதைப் போல் மெல்லப் படர்ந்து, ஒரு சிறு கட்டத்திற்குள் அடங்கி நிற்கும். தாய்நாட்டின் மலைகளையும் ஆறுகளையும் நண்பர்களையும் நினைத்துக்கொண்டே அந்தப் புள்ளிகளை இடுவதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1970-இல் வரைந்த மிகப் புகழ்பெற்ற ஓவியத்திற்கு, நண்பரான கவிஞர் கிம் குவாங்சோப் பாடிய பாட்டின் ஓர் அடியையே தலைப்பாக இட்டார். பிரிந்தவர் மறுபடி கூடுவதைப் பற்றிய அடி அது. 2019-இல் ஹாங்காங் ஏலம் ஒன்றில் அவருடைய மற்றொரு புள்ளி ஓவியம் பத்துக் கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் விலைபோயிற்று என்ற செய்தி பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. அந்தச் செய்தியில் தொகை இருந்தது. அந்த நாட்குறிப்பு இல்லை.

ஹ்வான்கி கடல் கடந்து சென்று ஊரைப் புள்ளிகளாக்கினார். யூ நாட்டிலேயே இருந்தார். 1964-இல், 48-ஆம் வயதில், தம் முதல் தனிக் கண்காட்சியை நடத்தினார். அதன்பின் குழுக்களையும் சங்கங்களையும் விட்டு விலகிக்கொண்டார். தொழிலாளி பட்டறைக்குச் செல்வதைப் போல் நாள்தோறும் குறித்த நேரத்தில் ஓவிய அறைக்குள் செல்வதும், குறித்த நேரத்தில் வெளிவருவதுமே அவருடைய வாழ்க்கையாயிற்று. 1966 முதல் சில ஆண்டுகள் ஹோங்கிக் பல்கலைக்கழகத்தில் கற்பித்ததைத் தவிர வேறு பணியில்லை. ஏறக்குறைய 60 வயது வரையில் அவர் ஓவியங்கள் விலைக்கே போகவில்லை என்கிறார்கள். மீனிலும் மதுவிலும் ஈட்டியதும், வீட்டாரின் உழைப்புமே குடும்பத்தைத் தாங்கின. ஓவியர்களின் வறுமையைக் கதையாகப் பாடுவது எனக்கு உடன்பாடன்று. ஆனால் ஆலையை நடத்தத் தெரிந்த ஒருவர், அதை விட்டுவிட்டு, விலைபோகாத முக்கோணங்களை இருபதாண்டு வரைந்தார் என்பதைக் கணக்கில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அறுபது வயது வரையில் அடிப்படைகளைப் பயில்வது, அதன்பின் இயற்கையை நோக்கி இன்னும் மென்மையாகத் திரும்புவது என்று அவர் தமக்கே ஒரு திட்டம் வகுத்திருந்தார். திட்டமிட்ட காலத்தில் உடல் ஒத்துழைக்கவில்லை. 1977-இல் இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவியை உடலில் பொருத்த நேர்ந்தது. பின்னும் எத்தனையோ முறை மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினார். எனினும் ஏறக்குறைய இருபதாண்டுக் காலம் ஓவியம் நிற்கவில்லை. திட்டமும் நிறைவேறியது. 1970-களின் இறுதியிலிருந்து அவருடைய கோணங்கள் முனை மழுங்கி வளைகின்றன. மலைச்சரிவில் மரங்கள் தோன்றுகின்றன. வட்டமான சூரியனோ நிலவோ கடல்மேல் நிற்கிறது. படங்களும் சிறியவையாகின்றன.

என் மதிப்பீட்டைச் சொல்வதானால், இந்தப் பிற்கால ஓவியங்களைக் காட்டிலும் 1960-களின் ஓவியங்களே எனக்குப் பெரியவையாகப் படுகின்றன. பின்னவற்றில் இனிமை மிகுதி. சில இடங்களில் சுவர் அலங்காரத்தின் எல்லையைத் தொட்டுவிடுகிறதோ என்று தோன்றுகிறது. முன்னவற்றில் மலை நம்மீது சாய்வதைப் போல் ஓர் அழுத்தம் உண்டு. நான் இவற்றை அச்சுப் படங்களிலேயே கண்டவன். அச்சில் சிவப்பு எப்போதும் கொஞ்சம் பொய் சொல்லும். ஆகவே நேரில் கண்டவர்கள் என்னை மறுத்தால் விட்டுக்கொடுப்பேன். அலங்காரம் என்ற இந்தக் குற்றச்சாட்டு கொரியாவிலேயே நெடுங்காலம் இருந்தது. வடிவ கணித ஓவியம் வெறும் கோலம், துணிக்கடைக்கு ஏற்ற வடிவமைப்பு என்று ஒதுக்கிய திறனாய்வாளர் பலர். 1970-களில் ஒற்றை நிற ஓவியம் பெரும் இயக்கமானபோது, இந்த முக்கோணங்கள் மேலும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. 2016-இல், யூவின் நூற்றாண்டில், சியோலின் தோக்சு அரண்மனையிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடம் பெரிய கண்காட்சி ஒன்றை அமைத்தது. 2023-இல் அதே கலைக்கூடம், கொரிய வடிவ கணித ஓவியத்தை மட்டுமே பொருளாகக் கொண்டு குவாச்சோனில் வேறொரு கண்காட்சியைத் திறந்தது. ஒதுக்கியவர்களின் மாணவர்களே இப்போது பட்டியல் எழுதுகிறார்கள் போலும்.

2024-இல் யூவின் ஓவியங்கள் இத்தாலியின் வெனிஸ் நகரத்திற்குச் சென்றன. குவெரினி ஸ்தம்பாலியா என்ற பழைய மாளிகையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை அவை வைக்கப்பட்டிருந்தன. ஐரோப்பாவில் அவருக்கு நடந்த முதல் தனிக் கண்காட்சி அது. வெனிஸில் மலை கிடையாது. தெருவுக்குப் பதிலாக நீரோடும் கால்வாய்கள். நீர்மட்டம் ஏறும் நாட்களில் கால்வாய் நீர் அந்த மாளிகையின் கீழ்த்தளத்திற்குள் வந்து போவதற்கென்றே கல்லில் வழி அமைத்திருக்கிறார்கள். உல்ஜின் கரையிலிருந்து சென்ற மலைகள், மாதக்கணக்கில் அங்கே தண்ணீருக்கு மேல் நின்றன.